காணிப்பாக்கம் முதல் திருமலை வரை: பாதயாத்திரைக்கு மூட்டை கட்டும் முறை

வரும் புரட்டாசியில் காணிப்பாக்கத்திலிருந்து திருமலைக்கு நடந்து செல்ல நம் சங்க அன்பர்கள் சிலர் எண்ணியுள்ளனர். "என்னென்ன வாங்க வேண்டும்?" என்று என்னிடம் கேட்டார்கள். வாங்குவதைவிட விடுவதும், புறப்படுமுன் சோதித்துப் பார்ப்பதும்தான் முக்கியம் என்பதே என் பதில். அதை விளக்கவே இக்கட்டுரை.

வழி

சித்தூரிலிருந்து சுமார் 11 கிலோமீட்டர் தொலைவில், பாகுதா நதிக்கரையில் இருக்கிறது காணிப்பாக்கம் வரசித்தி விநாயகர் ஆலயம். பிள்ளையாரை வணங்கிப் பயணம் தொடங்குவது நம் வழக்கமாதலால் இது பொருத்தமான தொடக்கம். பூதலப்பட்டு, பாகாலா, சந்திரகிரி வழியாகத் திருப்பதி ஏறத்தாழ 70 கிலோமீட்டர். மூட்டையுடன் மணிக்கு 4 கிலோமீட்டர் நடந்தால் பதினேழரை மணி நேர நடை. நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் வீதம் மூன்று நாட்கள். விடியற்காலை நான்கு மணிக்குப் புறப்பட்டு எட்டு மணிக்குள் பெரும்பகுதியை முடித்து, மீதியை மாலையில் நடக்க வேண்டும். நண்பகல் ஓய்வுக்கு உரியது.

நான்காம் நாள் மலையேற்றம். அலிபிரி வழியில் சுமார் 3,550 படிகள், 9 கிலோமீட்டர். சீனிவாசமங்காபுரத்திற்கு அப்பாலுள்ள ஸ்ரீவாரி மெட்டு வழியில் 2,388 படிகள். தூரம் குறைவு, ஏற்றம் செங்குத்து. 2021 நவம்பர் மழையில் சேதமடைந்த ஸ்ரீவாரி மெட்டு வழி 2022 மே மாதத்தில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. ஆகவே எந்த வழி திறந்திருக்கிறது என்று கேட்டறிந்த பின்பே புறப்படவும்.

எடைக் கணக்கு

இரவில் தண்டவாளத்தில் ரோந்து செல்லும் பேட்ரோல்மேன் கைவிளக்கு, கொடி, விசில், டெட்டனேட்டர் என்று சிலவற்றைத்தான் எடுத்துச் செல்வார். ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு. வேலையில்லாத பொருள் அவர் தோளில் இராது. நமக்கும் அதுவே விதி.

மூட்டை நம் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 60 கிலோ எடையுள்ளவருக்கு 6 கிலோ. தண்ணீர் 2 லிட்டர், அதாவது 2 கிலோ. இரண்டு செட் துணி 1 கிலோ. துப்பட்டி அரை கிலோ. தின்பண்டம் முக்கால் கிலோ. மருந்தும் டார்ச்சும் அரை கிலோ. மாற்றுச் செருப்பு அரை கிலோ. பை முக்கால் கிலோ. கூட்டினால் சரியாக 6 கிலோ. இதற்கு மேல் ஒரு பொருள் வேண்டுமானால் வேறொன்றை எடுத்துவிட வேண்டும்.

உணவில் அவல், பொட்டுக்கடலை, வேர்க்கடலை உருண்டை போதும். முதல் நாளுக்குப் புளியோதரை நன்று. தயிர் சாதம் வெயிலில் தாங்காது. வெயிலில் மணிக்கு அரை முதல் முக்கால் லிட்டர் தண்ணீர் தேவைப்படும். தாகம் எடுக்குமுன்பே சிறிது சிறிதாகப் பருகவும். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இல்லையெனில் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைக்கலாம்.

இருட்டில் நடக்கும்போது வெளிர் நிற உடை, பையின் பின்னால் ஒளி பிரதிபலிக்கும் பட்டை, கையில் டார்ச். சாலையின் வலப்புறம், எதிர்வரும் வண்டிகளைப் பார்த்தபடி வரிசையாகச் செல்லவும்.

கால்

2018-ல் நாங்கள் ஆறு பேர் சென்றோம். நண்பர் ஒருவர் செருப்பில்லாமல் வருவதாக வேண்டிக்கொண்டிருந்தார். அவருக்குப் பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். முதல் நாள் புறப்படத் தாமதமாகி, பத்து மணி வெயிலிலும் தார்ச் சாலையில் நடந்துகொண்டிருந்தோம். "கால் சுடவில்லையா?" என்று கேட்டேன். "பெருமாள் கருணை, ஒன்றும் தெரியவில்லை" என்றார். எங்களுக்கும் அது பக்தியாகவே தோன்றியது. மாலையில் கால் கழுவும்போது பார்த்தால் இரண்டு உள்ளங்கால்களிலும் தோல் கொப்பளித்துப் பிரிந்திருந்தது. அவருக்கு வலிக்கவே இல்லை. நரம்பின் உணர்ச்சி குறைந்திருந்ததே காரணம். பாகாலாவிலிருந்து ரயிலில் அழைத்துச் சென்றோம். புண் ஆற இரண்டு மாதங்கள் ஆயின; விரல் ஒன்றை எடுக்க நேருமோ என்று அவர் வீட்டார் பட்ட கவலை சொல்லி மாளாது. திட்டம் போட்டவன் நான். கேட்டிருக்க வேண்டியதைக் கேட்கவில்லை.

அன்று முதல் எங்கள் குழுவில் விதி இதுதான். சர்க்கரை நோயாளிகள் புறப்படுமுன் மருத்துவரிடம் பாதத்தின் உணர்ச்சியைச் சோதித்துக்கொள்ள வேண்டும். உணர்ச்சி குறைந்தவர்கள் சாலையில் வெறுங்காலுடன் நடக்கவே கூடாது. தினமும் இருமுறை சிறு கண்ணாடி கொண்டு உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். தாழ்சர்க்கரைக்காக மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் சட்டைப் பையிலேயே இருக்க வேண்டும், மூட்டையின் அடியில் அன்று. இன்சுலின் வெயில் படாமல் குளிர்ப்பையில் இருக்கட்டும்.

மற்றவர்களுக்கும் ஒரு சொல். புதிய செருப்பு, புதிய ஷூ வேண்டாம். ஒரு மாதமாவது பழகியிருக்க வேண்டும். தோல் சிவந்து எரியத் தொடங்கியதுமே நின்று பிளாஸ்திரி ஒட்டவும். கொப்புளத்தைக் குத்தாதீர்கள்.

ஒத்திகை

புதிய பாலத்தை எஞ்சின் ஓட்டிச் சோதித்த பின்பே வண்டிக்குத் திறப்போம். அதுபோல ஆறு வாரம் முன்பே நடையைத் தொடங்கி, கடைசியில் அடுத்தடுத்த இரண்டு நாட்கள், முழு மூட்டையுடன் 15 கிலோமீட்டர் வீதம் நடந்து பாருங்கள். இரண்டாம் நாள்தான் உண்மையான தேர்வு. செருப்பு எங்கே கடிக்கிறது, பை எங்கே அழுத்துகிறது என்பது அன்று தெரியும். வழியில் முடியாமல் போனால் வெட்கப்பட வேண்டாம். பாகாலா, பானபாக்கம், சந்திரகிரி ஆகிய ரயில் நிலையங்களின் பெயரைக் குறித்து வையுங்கள்.

மலையடிவாரத்தில் மூட்டையைத் தேவஸ்தானமே இலவசமாக மேலே கொண்டு சேர்க்கிறது. 2023 ஆகஸ்டில் அலிபிரி வழியில் ஒரு சிறுமியைச் சிறுத்தை கொன்ற பின், பாதசாரிகளுக்குக் கைத்தடி வழங்கி, சிறுவர்களுக்கு நேரக் கட்டுப்பாடும் விதித்தார்கள். அன்றைய விதியைக் கேட்டு, கூட்டமாகவே ஏறவும்.

என் நண்பர் மறு ஆண்டு மருத்துவரின் அனுமதியுடன் மீண்டும் வந்தார். சாலை முழுவதும் செருப்புடன் நடந்தார். முதற்படியில் அதைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு, விடியற்காலைக் குளிர்ச்சியில், கால் வைக்குமிடம் பார்த்துப் பார்த்து ஏறினார். அவருடைய வேண்டுதலும் நிறைவேறியது, காலும் பிழைத்தது. உங்கள் யாத்திரையும் அவ்வாறே இனிது நிறைவேற வாழ்த்துகிறேன்.