போட்டோ பிரிண்டர் வாங்குறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி: ஜூலை, ஆகஸ்ட்ல வீட்ல யார் இருப்பாங்க?



இந்த வார எபிசோடைக் கேட்டவங்களுக்கு இது நோட்ஸ். இன்னும் கேக்காதவங்களுக்கு இதுவே முழுப் பாடம். தலைப்பு எளிமையானது: வீட்டுக்கு ஒரு நல்ல இங்க்ஜெட் போட்டோ பிரிண்டரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

"எல்லாம் போன்லயே இருக்கே, பிரிண்டர் எதுக்கு?"ன்னு நீங்க கேக்கலாம். நம்ம அப்பா அம்மா வளைகுடாவுக்கு வந்த காலத்துல, ஊருக்குப் போற கடிதத்தோட போட்டோவும் போகும். அந்தப் படங்கள் இன்னும் தாத்தா வீட்டு பீரோவுல இருக்கு. நம்ம படங்களோ ஒரு பாஸ்வேர்டுக்குப் பின்னாடி இருக்கு. பாட்டிக்கு கூகுள் போட்டோஸ் லிங்க் அனுப்பிப் பாருங்க, வித்தியாசம் புரியும். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும் பிரிட்டிஷ் நூலகமும் சேர்ந்து தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோப் படங்களை டிஜிட்டலாக்கி வெச்சிருக்காங்க. அதுக்கு ஒரே காரணம், யாரோ அந்த முகங்களைக் காகிதத்துலயும் கண்ணாடித் தகட்டுலயும் பதிச்சு வெச்சிருந்ததுதான்.

சரி, பிரிண்டருக்கு வருவோம். பெரும்பாலான வாங்கும் வழிகாட்டிகள் எத்தனை நிறம், எத்தனை டி.பி.ஐ.ன்னு ஆரம்பிக்கும். நம்ம ஊர்ல அது ரெண்டாவது கேள்வி. முதல் கேள்வி, அந்த பிரிண்டர் எத்தனை நாள் சும்மா கிடக்கும் என்பதுதான். ஏன்னு சொல்றேன்.

1. உள்ளே என்ன நடக்குது?

இங்க்ஜெட் ஹெட்ல தலைமுடியைவிட மெல்லிய துளைகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். அதுக்குப் பேர் நாஸில். அதிலிருந்து மைத்துளியைத் தள்ளுறதுக்கு ரெண்டு வழி இருக்கு.

முதல் வழி வெப்பம். ஒரு சின்ன ஹீட்டர் மையைச் சூடாக்கும், ஒரு குமிழி உருவாகும், அது துளியை வெளியே தள்ளும். 1977-ல் சூடான சோல்டரிங் அயர்ன் ஒண்ணு மை இருந்த ஊசியில தற்செயலா பட்டு, மை தெறிச்சதிலிருந்துதான் இந்த யோசனை வந்ததுன்னு கேனன் கம்பெனியே சொல்லும். கேனன், ஹெச்.பி. ரெண்டும் இந்த வழியைப் பயன்படுத்துறாங்க.

ரெண்டாவது வழி பியசோ. மின்சாரம் பட்டா வளையுற ஒரு பொருள் மையைப் பிதுக்கி வெளியே தள்ளும். இது எப்சன் வழி.

வாங்குறவங்களுக்கு இதுல என்ன இருக்கு? ஹெட் அடைச்சுக்கிட்டா என்ன ஆகும் என்பதுதான். விலை குறைஞ்ச கேனன், ஹெச்.பி. கார்ட்ரிஜ் மாடல்கள் பலதில் ஹெட் கார்ட்ரிஜோட சேர்ந்தே வரும். கார்ட்ரிஜை மாத்தினா புது ஹெட். எப்சன்ல ஹெட் பிரிண்டரோட பொருத்தப்பட்டது. அதை மாத்துற செலவு பல நேரம் புது பிரிண்டர் விலையைத் தொட்டுடும். அதுக்காக எப்சன் மட்டம்னு அர்த்தம் இல்ல, பல மாடல்கள்ல துளியின் அளவு 1.5 பிக்கோலிட்டர்தான், அவ்வளவு நுணுக்கம். ஆனா அதைச் சும்மா விட்டா சிக்கல்.

2. வெயில், ஏசி, லீவு

மை நாஸில் வாயில காய்ஞ்சா அடைப்பு. காய வைக்கிற மூணு விஷயமும் நம்ம வீட்டுல இருக்கு. நாள் முழுக்க ஓடுற ஏசி காத்துல இருக்குற ஈரத்தை எடுத்துடும். ஜன்னலை மூடி வெச்சாலும் தூசி வரும். மூணாவதுதான் பெரிசு: ஸ்கூல் லீவு விட்டதும் ஊருக்குப் போயிடுவோம், வீடு ஏழெட்டு வாரம் பூட்டிக் கிடக்கும், ஏசியும் ஆஃப்.

பல வீட்டு பிரிண்டர்களோட மேனுவலைப் பாருங்க. வேலை செய்ய ஏத்த வெப்பம் 10 முதல் 35 டிகிரின்னு இருக்கும். எப்சன் மேனுவல்கள்ல இன்னொரு வரியும் உண்டு: 40 டிகிரியில் வெச்சிருந்தா ஒரு மாதம் வரைதான். ஆகஸ்ட் மாசம் ஷார்ஜாவிலோ தோஹாவிலோ மேற்கு பார்த்த ஜன்னலோரம் பூட்டிக் கிடக்குற பிரிண்டரை நினைச்சுப் பாருங்க. ஐரோப்பாவில் எழுதுன ரிவ்யூவில் இந்த வரிக்கு யாரும் அழுத்தம் கொடுக்க மாட்டாங்க. நமக்கு இதுதான் முக்கியம்.

3. டையா, பிக்மென்டா?

டை மைன்னா நிறம் தண்ணில முழுசா கரைஞ்சிருக்கும். சர்பத் மாதிரி. பிக்மென்ட் மைன்னா நிறத்தூள் கரையாம மிதக்கும். மஞ்சள் பொடி கலந்த தண்ணி மாதிரி. பளபளப்பான பேப்பர்ல டை பளிச்சுன்னு வரும். பிக்மென்ட் வெளிச்சத்தையும் காத்தையும் ரொம்ப நாள் தாங்கும். ஆனா தூள் அடியில தங்கும், சும்மா விட்டா அடைப்பும் அதிகம்.

காத்து போட்டோவைக் கெடுக்குமான்னு சந்தேகம் வரலாம். 2000-ல் எப்சன் ஸ்டைலஸ் போட்டோ 870, 1270 என்ற டை பிரிண்டர்கள் வந்துச்சு. தரம் அபாரம். ஆனா சிலர் வீட்டுல, கம்பெனியோட பளபளப்பு பேப்பர்ல எடுத்த படங்கள் கொஞ்ச நாள்லயே ஆரஞ்சு நிறமா மாறிடுச்சு. வெளிச்சம் காரணமில்ல. காத்துல இருக்குற ஓசோன் வாயு சயான் நிறத்தை அரிச்சுடுச்சு. சயான் போனா மிச்சம் ஆரஞ்சுதான். அதே வருஷம் எப்சன் 2000பி என்ற பிக்மென்ட் மாடலையும் கொண்டு வந்தது.

அதுக்கப்புறம் டை மை நிறையவே முன்னேறிடுச்சு. ஆனா அடிப்படை மாறல. 2005-ல் கேனன் தன் குரோமாலைஃப் 100 மைக்குச் சொன்ன கணக்கைப் பாருங்க: ஆல்பத்துக்குள்ள 100 வருஷம், வெளிச்சத்துக்கு 30 வருஷம், காத்துல இருக்குற வாயுவுக்கு 10 வருஷம். ஒரே மை, ஒரே கம்பெனி, மூணு எண். பெட்டி மேல பெரிசா இருக்குறது எப்பவும் ஆல்பம் எண்தான். ஆக, டை படத்தைக் கண்ணாடி ஃப்ரேமில் போடுங்க. நேரடி வெயில் படுற சுவர்ல மாட்டாதீங்க. அயனைசர் வெச்ச ஏர் ப்யூரிஃபையர் சிலது ஓசோனை வெளிவிடும், அதுக்குப் பக்கத்துலயும் வேண்டாம்.

4. பெட்டி மேல இருக்குற எண்கள்

5760 டி.பி.ஐ.ன்னு போட்டிருந்தா அது மைத்துளியை எவ்வளவு நெருக்கமா வைக்க முடியும் என்ற கணக்கு. உங்க படத்தோட நுணுக்கம் இல்ல. படத்துக்கு ஒரு அங்குலத்துக்கு 300 பிக்சல் இருந்தா போதும். 4க்கு 6 படத்துக்கு 1200க்கு 1800 பிக்சல். ஏ4 படத்துக்கு 2480க்கு 3508, அதாவது கிட்டத்தட்ட 9 மெகாபிக்சல். இப்போதைய பெரும்பாலான போன்கள் இதைத் தரும்.

சிக்கல் வர்றது வாட்ஸ்அப்ல. சாதாரணமா அனுப்புற படத்தோட நீளப் பக்கம் ஏறக்குறைய 1600 பிக்சலுக்குச் சுருங்கிடும். 4க்கு 6-ல் அது ஒப்பேத்திடும். ஏ4-ல் அங்குலத்துக்கு 137 பிக்சல்தான் வரும், முகம் மங்கிடும். ஊர்ல இருந்து பழைய போட்டோவை ஸ்கேன் பண்ணி அனுப்பச் சொன்னா, டாக்குமென்டா அனுப்பச் சொல்லுங்க. பிரிண்டருக்குச் செலவு பண்றதுக்கு முன்னாடி இந்த ஒரு பழக்கம் போதும், தரம் ஏறிடும்.

நிறங்களோட எண்ணிக்கைக்கு மட்டும் உண்மையான அர்த்தம் இருக்கு. 4 நிற பிரிண்டர்ல வெளிர் பகுதிகள்ல புள்ளி புள்ளியா தெரிய வாய்ப்பு உண்டு. வெளிர் சயான், வெளிர் மெஜந்தா சேர்ந்த 6 நிறத்துல அது குறையும். சாம்பல் நிற மை இருந்தா கறுப்பு வெள்ளைப் படம் பச்சையோ ஊதாவோ அடிக்காது. தாத்தா பாட்டி கல்யாண போட்டோவை மறுபடி எடுக்கணும்னா இதைக் கவனிங்க.

5. யாருக்கு எந்த வகை?

மாசம் 10 படத்துக்குக் கீழே: இங்க்ஜெட்டே வேண்டாம். ஆமா, தலைப்புக்கு எதிராத்தான் சொல்றேன். கேனன் செல்ஃபி சிபி1500 மாதிரி டை சப்ளிமேஷன் பிரிண்டர் பாருங்க. இதுல திரவ மை கிடையாது, நிறம் ஒரு ரிப்பன்ல இருக்கும், அதனால நாஸில் அடைப்பு என்ற பேச்சே இல்ல. கடைசியா மேல ஒரு பாதுகாப்புப் படலமும் போட்டுடும். குறைகளும் இருக்கு: அஞ்சலட்டை அளவுக்கு மேல வராது, பேப்பர்ல தூசி இருந்தா வெள்ளைப் புள்ளி விழும். தீர்ந்த ரிப்பன்ல உங்க படங்களோட நகல் தெரியும், வெட்டிட்டுக் குப்பைல போடுங்க.

வாரா வாரம் அடிப்பீங்க, ஸ்கூல் ப்ராஜெக்டும் உண்டு: 6 நிற இங்க் டேங்க். எப்சன் எல்8050 ஏ4 வரை, எல்18050 ஏ3 பிளஸ் வரை. கேனன்ல சிவப்பும் சாம்பலும் சேர்த்த 6 நிற ஜி வரிசை இருக்கு, மாடல் எண் நாட்டுக்கு நாடு மாறும்.

போட்டோகிராஃபிதான் ஆர்வம், சுவர்ல பெரிசா மாட்டணும்: கேனன் ப்ரோ-200 (8 டை மை), ப்ரோ-300 (10 மை, பிக்மென்ட்), எப்சன் ஷ்யூர்கலர் பி700 (10 மை, பிக்மென்ட்). வாரத்துக்கு ஒரு படமாவது அடிப்பேன்னு உறுதி இருந்தா மட்டும். சும்மா விட்டா இதுங்க தானே ஹெட்டைச் சுத்தம் பண்ணும். அதுக்குச் செலவாகுறதும் உங்க மைதான்.

வருஷத்துக்கு ஒரு தடவை, ஊருக்குப் போற நேரத்துல மட்டும் 100 படம்: ஸ்டூடியோவுக்குப் போங்க. வெட்கப்பட ஒண்ணும் இல்ல.

6. கணக்கு

கணக்குக்காக பிரிண்டர் விலை 1,200 திர்ஹம்னு வெச்சுக்கோங்க, ஆயுள் 3 வருஷம். மாசம் 10 படம்னா மொத்தம் 360 படம். மை, பேப்பர் வாங்குறதுக்கு முன்னாடியே ஒரு படத்துக்கு 3.33 திர்ஹம் ஆகிடுச்சு. மாசம் 60 படம்னா மொத்தம் 2,160, ஒரு படத்துக்கு 56 ஃபில்ஸ். இப்போ உங்க ஏரியா ஸ்டூடியோவில் ஒரு 4க்கு 6 என்ன விலைன்னு கேட்டு ஒப்பிடுங்க. பல வீட்டுல பதில் அங்கேயே கிடைச்சுடும்.

7. கடைக்குப் போகும்போது

பர் துபாய் கம்ப்யூட்டர் ஸ்ட்ரீட்டோ மாலோ, எங்க போனாலும் உங்க படம் ஒண்ணை யு.எஸ்.பி.யில கொண்டு போங்க. கடைக்காரர் காட்டுற கிளி படமும் பழக்கூடை படமும் எந்த பிரிண்டர்லயும் நல்லாத்தான் வரும். நம்ம தோல் நிறம், பட்டுப்புடவையோட அடர் சிவப்பு, கருங்கூந்தல்ல இழை பிரிஞ்சு தெரியுதா, இதைப் பாருங்க. கறுப்பு எல்லாம் ஒரே கட்டியா வந்தா அந்த பிரிண்டர் நமக்கு இல்ல.

கேக்க வேண்டிய மூணு கேள்வி: கழிவு மை சேர்ற மெயின்டனன்ஸ் பாக்ஸை நாமே மாத்தலாமா? வாரண்டி இந்த நாட்டுக்கு மட்டுமா? இதோட மை போத்தலுக்கு இந்தியாவிலோ இலங்கையிலோ என்ன எண்? கடைசிக் கேள்வி நமக்கானது. கான்ட்ராக்ட் முடிஞ்சா பிரிண்டரும் கார்கோவுல வரும். மின்சாரம் சிக்கல் இல்ல, அங்கயும் இங்கயும் ஏறக்குறைய 230 வோல்ட்தான், பிளக் மட்டும் மாறும். ஆனா மை எண் வேற, வாரண்டி செல்லாதுன்னு ஆகலாம். இங்க் டேங்கைச் சாய்ச்சு அனுப்பினா மை கொட்டும், மேனுவல்ல இருக்குற பேக்கிங் முறையைப் படிச்சுட்டுக் கட்டுங்க.

8. லீவுக்கு முன்னும் பின்னும்

கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு நாஸில் செக் அடிச்சு எல்லாக் கோடும் வருதான்னு பாருங்க. அப்புறம் பிரிண்டர்ல இருக்குற பவர் பட்டனை அமுக்கி அணைங்க. அப்போதான் ஹெட் தன் இடத்துக்குப் போய் மூடியில உக்காரும். சுவர் சுவிட்சை நேரா அணைச்சா ஹெட் பாதி வழியில திறந்தே நிக்கலாம். நம்ம வீடுகள்ல கிளம்புற அவசரத்துல எல்லா சுவிட்சையும் தட்டிவிடுறது வழக்கம், அப்பாகிட்ட முன்கூட்டியே சொல்லி வையுங்க. ஜன்னல்கிட்ட இருந்து நகர்த்தி, உள் அறையில வெச்சு, துணி போட்டு மூடுங்க. சாவி யார்கிட்டயாவது கொடுத்துட்டுப் போனா, ரெண்டு வாரத்துக்கு ஒரு நாஸில் செக் அடிக்கச் சொல்லலாம்.

திரும்பி வந்ததும் அறை குளிர்ந்த பிறகு ஆன் பண்ணுங்க. முதல்ல நாஸில் செக். கோடு விட்டிருந்தா ஒரு க்ளீனிங், மறுபடி செக். மூணு தடவைக்கும் சரியாகலன்னா நிறுத்திட்டு 12 மணி நேரம் விடுங்க. காய்ஞ்ச மை ஊற நேரம் வேணும். பதினைஞ்சு தடவை க்ளீனிங் போட்டா டேங்க்தான் காலியாகும்.

இந்த வார வீட்டுப்பாடம்

போன்ல போன ஒரு வருஷப் படங்களைத் திறந்து, காகிதத்துல இருக்கணும்னு தோணுறதை மட்டும் ஒரு ஆல்பத்துல சேருங்க. மொத்தத்தை 12-ஆல் வகுங்க. 5-ஆம் பகுதிக்குப் போய் அந்த எண் எங்க விழுதுன்னு பாருங்க. உங்க பிரிண்டர் அதுதான், அல்லது உங்க ஸ்டூடியோ அதுதான்.

எண் எவ்வளவு வந்துச்சுன்னு இந்த மெயிலுக்கே பதில் போடுங்க. அடுத்த வாரம் பாட்டி வீட்டு ஆல்பத்தை ஸ்கேனர் இல்லாம போன்லயே ஒழுங்கா எப்படி ஸ்கேன் பண்றதுன்னு பாக்கலாம். அதுவரைக்கும், வர்றேன்.