அப்பத்தா வீட்டு ஓசைகள்

கம்பம் பள்ளத்தாக்கில் விடியும் முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடும். ஏலக்காய்த் தோட்ட வேலைக்காகக் கம்பம்மெட்டு வழியே இடுக்கி மலைக்குச் செல்பவர்கள் வீடு திரும்ப மாலையாகிவிடும். என் மாணவர்கள் பலரின் வீட்டில் பகல் முழுவதும் இருப்பவர் தாத்தாவோ பாட்டியோ மட்டும்தான்.

ஒன்பதாம் வகுப்பில் ‘ஒலி’ பாடம் தொடங்கிய நாளில், “இன்று காலையில் நீங்கள் கேட்ட முதல் ஓசை எது?” என்று கேட்டேன். ஜீப், சேவல், கோயில் ஒலிபெருக்கி என்று பதில்கள் வந்தன. ஒரு மாணவி மட்டும், “எங்க அப்பத்தா வீட்டு அம்மிச் சத்தம் டீச்சர்” என்றாள். அப்பத்தா பக்கத்து வீட்டில் தனியாக இருக்கிறார். இடையில் ஒரு சுவர்தான். “சத்தம் வந்தா அப்பத்தா எந்திரிச்சிருச்சுன்னு அர்த்தம். வரலைன்னா போய்க் கதவைத் தட்டுவேன்” என்றவள், சற்று நிறுத்தி, “ஸ்கூலுக்கு வந்த பெறகுதான் ஒண்ணும் தெரியாது” என்றாள்.

அவளுடைய கடைசி வரியை வைத்தே இந்தப் பாடத்தைத் திட்டமிட்டேன். ஒருவர் நலமாக இருக்கிறாரா என்பதை, அவர் வீட்டு ஓசைகளைக் கொண்டு தொலைவிலிருந்து அறிய முடியுமா?

செயல்பாடு 1: ஓசைக் குறிப்பேடு

மூன்று நாள்கள், காலையில் அரை மணி நேரம், வீட்டில் கேட்கும் ஓசைகளைக் குறித்துவரச் சொன்னேன். நேரம், ஓசை, எதிலிருந்து வந்தது, அதனால் என்ன தெரிகிறது என நான்கு கட்டங்கள். மூன்றாம் நாள் குறிப்பேடுகளை அருகருகே வைத்துப் பார்த்தபோது, ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் ஒழுங்கு இருப்பது மாணவர்களுக்கே புலப்பட்டது. தாழ்ப்பாள், வாளி, குடம், குக்கர் விசில் என வரிசை பெரிதாக மாறவில்லை.

ஒரு மாணவன், “குடம் நிறையப் போகுதுன்னு பார்க்காமலே தெரியும் டீச்சர்” என்றான். ஏன் என்று வகுப்பையே கேட்டேன். தண்ணீர் ஏற ஏறக் குடத்திலுள்ள காற்றுத் தம்பத்தின் நீளம் குறைகிறது, அதிர்வெண் கூடுகிறது, சுருதி உயர்கிறது. பாடநூலின் கருத்து அவர்கள் வீட்டுக் குழாயடியிலேயே கிடைத்துவிட்டது.

செயல்பாடு 2: கணினிக்குக் கற்பித்தல்

உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் கூகுளின் ‘டீச்சபிள் மெஷின்’ என்ற இலவசக் கருவியைப் பயன்படுத்தினோம். நிரல் எழுதத் தெரியவேண்டியதில்லை. ஒலிவாங்கி இணைத்த ஒரு கணினி போதும். முதலில் அறையின் பின்னணி ஓசையை 20 நொடிகள் பதிவு செய்ய வேண்டும். பிறகு ஒவ்வோர் ஓசைக்கும் ஒரு நொடி அளவுள்ள 8 மாதிரிகளாவது தேவை. குடத்தில் தண்ணீர் ஊற்றுதல், தாழ்ப்பாள் போடுதல், இடிகல்லில் இடித்தல் ஆகிய மூன்றையும் மாணவர்களே செய்து பதிந்தனர்.

கணினி ஓசையைப் படமாக மாற்றிப் பார்க்கிறது. கிடையாக நேரம், செங்குத்தாக அதிர்வெண், வலிமைக்கேற்ப நிறம். இடிகல் இடைவெளி விட்ட கோடுகளாகவும், தண்ணீர் தொடர்ந்து பரவிய பட்டையாகவும் தெரியும். இந்த வடிவ வேறுபாட்டைத்தான் அது கற்கிறது.

சோதனையில் மூன்றையும் பெரும்பாலும் சரியாகவே சொன்னது. அப்போது ஒருவன் சாப்பாட்டு டப்பா மூடியைக் கீழே போட்டான். திரையில் ‘தாழ்ப்பாள்’ என்று வந்தது. வகுப்பே சிரித்தது. நாம் கற்பிக்காத ஓசையையும் தனக்குத் தெரிந்த பெயர்களுள் ஒன்றில் அது அடைக்கப் பார்க்கும். சரியாகச் சொன்னது, தவறாகச் சொன்னது, சொல்லாமல் விட்டது என மூன்று பத்திகளில் முடிவுகளைக் குறிக்கச் செய்தால், பிழையை அளக்கவும் மாணவர்கள் பழகுவர்.

உலகில் நடப்பது

ஜப்பானில் ஜோஜிருஷி நிறுவனம் 2001இல், வெந்நீர்க் கெண்டியைப் பயன்படுத்தும் நேரங்களைத் தொலைவிலுள்ள உறவினருக்குத் தெரிவிக்கும் சேவையைத் தொடங்கியது. தேநீர் போட்டால் அம்மா நலம் என்று பொருள். கூகுள் 2017இல், 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பத்து நொடிப் பதிவுகளை வகைப்படுத்தி ‘ஆடியோசெட்’ என்ற தொகுப்பை வெளியிட்டது. 2020இல் ஐபோனிலும் ஆண்ட்ராய்டிலும், தண்ணீர் ஓசை, குழந்தை அழுகை, அபாய மணி போன்றவற்றைக் கேட்டு, காது கேளாதோருக்கு அறிவிக்கும் வசதி வந்தது. நம் அம்மி ஓசையை இவை அறியுமா என்பதைச் சோதித்துத்தான் பார்க்க வேண்டும்.

ஓசை வராவிட்டால்?

“பத்து மணிக்கு வரவேண்டிய தண்ணீர் ஓசை வரவில்லை. என்ன காரணம் இருக்கலாம்?” என்று குழுக்களிடம் கேட்டேன். மின்சாரம் இல்லை, ரேஷன் கடைக்குப் போயிருக்கிறார், தூங்குகிறார், உடம்புக்கு முடியவில்லை, விழுந்துவிட்டார் எனப் பட்டியல் நீண்டது. கருவிக்கு இவற்றுள் எது என்று தெரியாது. வழக்கம் மாறியிருக்கிறது என்று மட்டுமே அது சொல்லும். யாராவது போய்ப் பார்த்தாக வேண்டும்.

அப்பத்தாவின் கேள்வி

மாணவி அன்று மாலையே அப்பத்தாவிடம் ஆவலோடு சொல்லியிருக்கிறாள். அவர் கேட்டது ஒன்றுதான்: “நான் பேசுறதையும் அது கேட்குமா?”

மறுநாள் அவள் அதை வகுப்பில் சொன்னபோது, எனக்கே சுருக்கென்றது. கருவி சரியாகக் கேட்கிறதா என்று பார்த்தோமே தவிர, கேட்கப்படுபவரின் சம்மதத்தை நான் நினைக்கவே இல்லை. டீச்சபிள் மெஷினில் நாமாகச் சேமித்தாலோ பதிவேற்றினாலோ ஒழிய, பதிவுகள் கணினியை விட்டு வெளியே போவதில்லை. ஆனால் எல்லாக் கருவிகளும் அப்படியல்ல. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்ததை எடுத்துச் சொன்னேன். அந்த உரிமை அப்பத்தாவுக்கும் உண்டுதானே?

அப்பத்தா ஒலிவாங்கி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வேறொரு வழியையும் அவரே சொன்னார். எதிர்வீட்டு அத்தை தினமும் பதினொரு மணிக்குக் குரல் கொடுப்பார்; பதில் வராவிட்டால் உள்ளே போய்ப் பார்ப்பார். சம்மதித்தால் கருவி எங்கே பயன்படும் என்றும் விவாதித்தோம். பக்கத்தில் யாருமே இல்லாத வீடுகளுக்குத்தான் அது அதிகம் தேவை என்று மாணவர்கள் முடிவு செய்தனர்.

வகுப்பறைக்கு

தொடக்க வகுப்புகளில் கண்ணை மூடி ஐந்து ஓசைகளை அடையாளம் காணச் செய்யலாம். உயர்நிலை வகுப்புகளில் மேற்கண்ட இரு செயல்பாடுகளையும் நான்கு பாடவேளைகளில் முடிக்கலாம். பேச்சைப் பதிவு செய்யக்கூடாது, வீட்டாரைக் கேட்காமல் எதையும் பதியக்கூடாது என்பதை முதல் நாளிலேயே சொல்லிவிடுங்கள். நான் தாமதமாகச் சொன்னேன். முதியோருக்கான தேசிய உதவி எண் 14567ஐக் குறிப்பேட்டின் அட்டையில் எழுதச் செய்யுங்கள்.

அந்த மாணவி இப்போதும் காலையில் சுவரோரம் நின்று அம்மிச் சத்தம் கேட்கிறாள். பதினொரு மணிக்கு வகுப்பில் அவள் முகம் கடிகாரத்தின் பக்கம் திரும்பும்போது, நானும் பாடத்தை ஒரு நொடி நிறுத்திக்கொள்கிறேன்.