விலை ஓடையும் விளக்கக் குறிப்பும்

செய்தித்தாளுக்குச் சந்தா கட்டுவதை நாம் அறிவோம். ஒருமுறை கட்டிவிட்டால், நாம் கேளாமலே நாள்தோறும் தாள் வாசலில் வந்து விழுகிறது. சந்தை விலைகளும் இன்று இவ்வாறே சந்தா முறையில் கணிப்பொறிக்கு வருகின்றன. அவற்றைப் பெறுவோர் வரிசையில் இப்போது செயற்கை நுண்ணறிவு முகவர்களும் சேர்ந்துள்ளன. (முகவர் என்று மரியாதையாகச் சொன்னாலும் அது மனிதரன்று; மொழி மாதிரியால் இயங்கும் நிரலே.) அத்தகைய முகவருக்காக விலைச் சந்தாக் கருவி ஒன்றின் விளக்கக் குறிப்பை எழுதும் வேலை, எங்கள் திட்டப்பணியில் என் பங்காயிற்று.

முகவருக்குச் சந்தையைப் பார்க்கும் கண் கிடையாது. கருவியை அழைத்தே எதையும் அறியும். 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் என்னும் நெறிமுறையில், ஒரு கருவி தன் பெயரையும், விளக்கத்தையும், உள்ளீடுகளின் அமைப்பையும் முகவருக்கு அறிவிக்கிறது. குறிப்பு புரியாவிட்டால் நாம் பக்கத்து இருக்கை நண்பரைக் கேட்போம். முகவர் யாரைக் கேட்கும்? குறிப்பில் இல்லாததைத் தானே ஊகித்துக்கொள்ளும்; அதையும் தயக்கமின்றிச் சொல்லும்.

நாங்கள் எடுத்துக்கொண்டது, பைனான்ஸ் என்னும் எண்மக்காசுச் சந்தையின் பொது விலை ஓடை. அதில் ஒவ்வொரு விற்பனைக்கும் ஒரு செய்தி வருகிறது. செய்தியின் உறுப்புகளுக்கு ஓரெழுத்துப் பெயர்கள். ஆங்கிலச் சிறிய 'டி' விற்பனையின் வரிசை எண். பெரிய 'டி' விற்பனை நடந்த நேரம். நேரமோ 1970 சனவரி 1 முதல் கணக்கிட்ட மில்லி விநாடிகளில். விலை எண்ணாக வராமல் எழுத்துச் சரமாக வருகிறது. இவற்றை விளக்குவது எளிது. பொறுமை இருந்தால் போதும்.

கடினமானது மௌனத்தை விளக்குவதே. கிணற்றில் வாளியை விட்டால் நீர் வந்ததா இல்லையா என்பது உடனே தெரியும். சந்தாவோ மடையைத் திறந்துவிட்டு வீட்டுக்குப் போவது போன்றது. செய்தி வரவில்லை என்றால் யாரும் வாங்கவில்லை என்றும் பொருள். இணைப்பு அறுந்தது என்றும் பொருள். இச்சந்தையின் இணைப்பு 24 மணி நேரத்துக்கு மட்டுமே செல்லும், பிறகு துண்டிக்கப்படும். பயிற்சிக் கணக்கில், பொய்ப்பணத்தோடு, வேண்டுமென்றே இணைப்பைத் துண்டித்துப் பார்த்தேன். முகவர் கடைசியாக வந்த விலையைத் 'தற்போதைய விலை' என்றே சொல்லிக்கொண்டிருந்தது. மெய்ப்பணமாயிருந்தால் அந்த விலையை நம்பித்தான் வாங்கியிருக்கும்.

இது புதிய இடர் அன்று. 1929 அக்டோபர் 24ஆம் நாள் நியூயார்க் பங்குச் சந்தையில் சுமார் 1 கோடியே 29 இலட்சம் பங்குகள் கைமாறின. விலைகளை அச்சிடும் நாடா இயந்திரம் பல மணி நேரம் பின்தங்கியது. தொலைவில் இருந்தவர்கள் எப்போதோ போன விலையைப் படித்துக்கொண்டிருந்தார்கள். ஆயினும் நாடா பின்தங்கியிருக்கிறது என்பதாவது அவர்களுக்குத் தெரியும். எங்கள் முகவருக்கு அதுவும் தெரியாது.

ஆகவே குறிப்பில் இவ்வாறு சேர்த்தேன்: "விடையில் உள்ள விற்பனை நேரத்தை முதலில் பார். அது 10 விநாடிக்கு மேல் பழையதாயின் அவ்விலையைத் தற்போதைய விலை எனக் கூறாதே. இணைப்பின் நிலையைக் கேள்." எங்கள் பேராசிரியர் படித்துவிட்டு, "தம்பி, பூட்ட வேண்டிய கதவில் 'உள்ளே வராதே' என்று எழுதி ஒட்டியிருக்கிறாய்" என்றார். அவர் சொன்னதில் நியாயம் உண்டு. சொல்லுக்கு முகவர் பெரும்பாலும் கீழ்ப்படியும், எப்போதும் அன்று. இப்போது விலையின் வயதையும் இணைப்பின் நிலையையும் கருவியே ஒவ்வொரு விடையிலும் தருகிறது. இணைப்பு அறுந்திருந்தால் விலையையே தராது. அதற்காகக் குறிப்பிலுள்ள வரியை நீக்கிவிடவில்லை. விலை ஏன் வரவில்லை என்பது முகவருக்கு விளங்க வேண்டுமல்லவா?

இன்னொன்று, கருவி செய்யாததையும் எழுத வேண்டும். இது விலையைப் படிக்கும், வாங்காது, விற்காது. வேலை முடிந்ததும் சந்தாவை நிறுத்த வேண்டியது முகவரின் பொறுப்பு.

குறிப்பு இப்போது ஒன்றரைப் பக்கம் இருக்கிறது. முகவர் ஒவ்வொரு முறையும் இதை முழுதும் படிக்க வேண்டியிருப்பதால் பாதியாகக் குறைக்கச் சொல்லியிருக்கிறார் பேராசிரியர். மௌனம் பற்றிய பத்தியை மட்டும் விட்டுவைக்க அவரிடம் அனுமதி பெற்றிருக்கிறேன்.