முதல் மனை வாங்கும் முன்

மனையில் பணம் போட நினைக்கும் வணிகர் முதலில் தீர்மானிக்க வேண்டியது, எந்தப் பணம் என்பதை. கடை முதலைத் தொடாதீர்கள்; லாபத்தில் ஒதுக்கியதே மனைக்கு. 1996-ல் நான் கொள்முதல் பணத்தில் மனை வாங்கினேன். அறுவடையில் துவரை மலிந்தபோது மூட்டை பிடிக்கக் கையில் காசில்லை. மனையும் அவசரத்துக்கு விலை போகவில்லை.

இரண்டாவது, வாடகையா, விலையேற்றமா? மாத வருமானம் வேண்டுவோருக்குக் காலி மனை உதவாது.

மூன்றாவது, செலவு. தமிழகத்தில் முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக்கட்டணம் 2 சதவீதம். 10 லட்ச ரூபாய் மனைக்கு மேலும் 90,000 ரூபாய் வேண்டும்.

நான்காவது, முன்பணம் தருமுன் மூலப்பத்திரம், 30 ஆண்டு வில்லங்கச் சான்று, பட்டா, மனைப்பிரிவு அங்கீகாரம் ஆகியவற்றை உங்கள் வழக்கறிஞரிடம் காட்டுங்கள். விற்பவரின் வழக்கறிஞரிடம் அல்ல.

கடை நிலைத்தால் மனை பிறகும் வாங்கலாம்.