கடைசிக் கட்டம்

அன்புத் தம்பிக்கு,

கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராகச் சேர்ந்த முதல் வாரமே போன் போட்டு நீ கேட்டாய்: "சார், எத்தனை கப் எடுத்தால் நம்மை நல்ல கோச் என்று ஒத்துக்கொள்வார்கள்?" அன்றைக்குச் சிரித்து மழுப்பிவிட்டேன். விசில் கழுத்தில் ஏறிய எல்லாருக்கும் வருகிற கேள்விதான் அது. அதனால் பதிலை எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

கப் கணக்கில் பெரிய கணக்கு ஒன்று சொல்கிறேன், கேள். அமெரிக்காவில் ஜெர்ரி யார்க் என்றொரு கல்லூரி ஐஸ் ஹாக்கி பயிற்சியாளர். நம் ஊர் ஐஸ் வண்டிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உறைந்த தளத்தில், ஷூவுக்கு அடியில் கத்தி பொருத்திக்கொண்டு ஆடுகிற ஹாக்கி. 1972-இல் தலைமைப் பயிற்சியாளரானவர், மூன்று கல்லூரிகளில் 50 ஆண்டுகள் வேலை பார்த்து 2022-இல் ஓய்வு பெற்றார். 1,123 வெற்றிகள், 5 தேசியப் பட்டங்கள். அந்த நாட்டுக் கல்லூரி ஐஸ் ஹாக்கியில் அவர் ஓய்வு பெற்றபோது அத்தனை வெற்றி வேறு யாருக்கும் இல்லை.

மலைத்துவிடாதே. அங்கே பெரிய கல்லூரி அணி என்றால் ஆடுகளம், மருத்துவர், சாப்பாடு எல்லாம் கல்லூரிப் பொறுப்பு. கோச்சுக்கு முழுச் சம்பளம். இங்கே உன் பிள்ளை காலை ஐந்தரைக்குச் செம்மண் மைதானத்தில் நிற்க வேண்டுமானால் முதலில் ஊருக்குள் பஸ் வர வேண்டும். ஆகவே அவர் கணக்கை வைத்து உன்னை அளக்காதே. நம் மாவட்டத்திலேயே உனக்குப் பாடம் இருக்கிறது.

நம் புதுக்கோட்டை மாவட்டத்துக் கத்தக்குறிச்சி ஓட்டக்காரி சாந்தி சௌந்தரராஜனைத்தான் சொல்கிறேன். அப்பாவும் அம்மாவும் செங்கல் காளவாயில் வேலை பார்த்தவர்கள். பதின்மூன்று வயதில் தாத்தா ஓடக் கற்றுக்கொடுத்து, ஒரு ஜோடி ஷூவும் வாங்கித் தந்தார். எட்டாம் வகுப்பில் முதல் போட்டி. பரிசு ஒரு தகரக் கோப்பை. அவர் ஓடுவதைக் கவனித்த பக்கத்து உயர்நிலைப் பள்ளிப் பயிற்சியாளர் தன் பள்ளிக்கு அழைத்துக்கொண்டார். அங்கே கட்டணம் இல்லை, சீருடை கிடைத்தது, மதியம் சூடான சாப்பாடு கிடைத்தது. மூன்று வேளை சாப்பிட்டது வாழ்க்கையில் அப்போதுதான் முதல் முறை. பிறகு உதவித்தொகையில் புதுக்கோட்டையில் கல்லூரி, அடுத்து சென்னை. 2005-இல் தென்கொரியாவில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி.

இதில் அந்தப் பள்ளிப் பயிற்சியாளரைக் கவனி. அவர் கண்டுபிடித்தது ஓட்டத்தை, கொடுத்தது சோற்றை. என் முதல் வருஷத்தில் ஒரு பெண் இரண்டாவது சுற்றில், 600 மீட்டர் தாண்டியதும் சுருண்டு விழுந்தாள். 'ஸ்டாமினா இல்லை' என்று நோட்டில் எழுதினேன். மறுநாள் அவள் தோழி சொல்லித்தான் தெரிந்தது, வெறும் டீயைக் குடித்துவிட்டு வந்திருக்கிறாள் என்று. எழுதியதை அடித்துவிட்டேன், ஆனாலும் அந்தப் பக்கம் இன்றைக்கும் என்னைப் பார்க்கிறது. நிலக்கடலை விளைகிற மாவட்டம் இது. ஊறவைத்த கடலை, ஒரு முட்டை, முருங்கைக்கீரை: பயிற்சி அட்டவணையில் முதல் வரி இதுவாக இருக்கட்டும். 'காலையில் என்ன சாப்பிட்டாய்?' என்று கேட்காமல் ஸ்டாப்வாட்சை அழுத்தாதே.

சாந்தியின் கதைக்குத் திரும்புகிறேன். பிறகு தோஹா. 2006 டிசம்பர் ஆசிய விளையாட்டு, 800 மீட்டர். சாந்தியின் நேரம் 2 நிமிடம் 3.16 விநாடி. மூன்றாவதாக வந்த கஜகஸ்தான் வீராங்கனையை விட விநாடியில் நூற்றுக்கு மூன்று பங்குதான் முன்னால். வெள்ளி. சில நாட்களில் பாலினப் பரிசோதனையில் தேறவில்லை என்று சொல்லி அந்தப் பதக்கத்தைப் பறித்தார்கள். அவர் ஊக்கமருந்து எடுக்கவில்லை, யாரையும் ஏமாற்றவில்லை. பிறந்த உடம்போடு ஓடினார். ஊர் வாயும் பத்திரிகையும் சேர்ந்துகொண்டன. மாநில அரசு மட்டும் அறிவித்த 15 லட்சம் ரூபாயைக் கொடுத்தது.

எட்டு வருஷம் கழித்து, 2014-இல், ஒடிசாவின் ஓட்டக்காரி துத்தி சந்த் என்பவரை இதே போன்ற காரணம் சொல்லிக் காமன்வெல்த் போட்டியிலிருந்து நிறுத்தினார்கள். அவர் பக்கம் விதியைப் படிக்கத் தெரிந்தவர்களும் வழக்கு நடத்தத் தெரிந்தவர்களும் நின்றார்கள். 2015-இல் விளையாட்டு நடுவர் மன்றம் அவரைத் தடுத்த விதியையே நிறுத்திவைத்தது. இருவரும் ஏழை வீட்டுப் பெண்கள், இருவரும் ஓட்டக்காரிகள். ஒருவர் பக்கத்தில் ஆள் இருந்தது, இன்னொருவர் பக்கத்தில் இல்லை.

பழைய கதை என்று தள்ளிவிடாதே. 2025 செப்டம்பர் 1 முதல், உலகத் தரவரிசைக்குரிய தடகளப் போட்டிகளில் பெண்கள் பிரிவில் ஓட வேண்டுமானால் எஸ்ஆர்ஒய் என்கிற, ஆண்பால் வளர்ச்சியைத் தூண்டும் மரபணு இருக்கிறதா என்ற பரிசோதனையை ஒரு முறை செய்தாக வேண்டும். கன்னத்தின் உட்புறம் பஞ்சால் தடவி எடுப்பார்கள், அல்லது ரத்தம் எடுப்பார்கள். உன் மைதானத்துப் பிள்ளை அந்த உயரத்துக்குப் போகிறாள் என்றால், சோதனை என்ன, எதற்கு, முடிவு யாருக்குத் தெரியும், மேல்முறையீடு எங்கே என்பதை முன்கூட்டியே அவளுக்கும் அவள் அம்மாவுக்கும் தமிழில் உட்கார்ந்து சொல். பெண் மருத்துவர் ஒருவரைத் தெரிந்து வைத்துக்கொள். எந்தத் தாளிலும் படித்துக் காட்டாமல் கையெழுத்து வாங்காதே. 'ஆம்பள மாதிரி ஓடுறா' என்று எவனாவது மைதானத்து ஓரத்தில் சொன்னால் அங்கேயே அதட்டு. உன் வாயில் அது பாராட்டாகக்கூட வரக் கூடாது.

இனி உன்னைப் பற்றி. சாந்தி பதக்கத்தோடு முடிந்துபோனவர் இல்லை, பயிற்சியாளரானார். பரிசுப் பணத்தைப் போட்டுப் புதுக்கோட்டையில் பிள்ளைகளைச் சேர்த்தார். 2009 வாக்கில் அவரிடம் 68 பேர். சென்னை மாரத்தானில் முதலிடமும் மூன்றாமிடமும் அவர் மாணவர்களுக்கு. சொந்தக் கையால் எழுப்பிய அந்தக் கணக்கு யார்க்கின் கணக்குக்குச் சளைத்ததா, நீயே சொல். ஆனால் அவருக்குக் கிடைத்தது தற்காலிகப் பயிற்சியாளர் வேலை, சொற்பச் சம்பளம். 2012-இல் தினக்கூலிக்குக் காளவாயில் கல் சுமந்தார். அப்புறம் தேசிய விளையாட்டு நிறுவனத்தின் பயிற்சியாளர் பட்டயம் படித்து, 2016-இல்தான் அரசின் நிரந்தரப் பயிற்சியாளர் ஆனார்.

அதனால் சொல்கிறேன்: தியாகம் என்று நினைத்து உன் வயிற்றைக் காயப்போடாதே. அந்தப் பட்டயத்தை முப்பது வயதுக்குள் முடி. பணி ஆணையைப் பத்திரப்படுத்து. கோச் பாதியில் விட்டுப் போனால் முதலில் சிதறுவது மைதானத்துப் பிள்ளைகள்தான்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். நாம் வைத்திருக்கும் ரெஜிஸ்டரில் நான்கு கட்டம்: பெயர், பிரிவு, நேரம், இடம். நீ ஐந்தாவதாக ஒரு கோடு போட்டு, 'இப்போது எங்கே?' என்று தலைப்பு எழுது. நான் அந்தக் கோட்டைப் போட்டது வேலைக்குச் சேர்ந்து பத்து வருஷம் கழித்துத்தான். அதற்கு முந்தைய பக்கங்களில் தங்கமும் வெள்ளியும் நிறைய இருக்கின்றன; யார் போலீஸ் ஆனாள், யார் படிப்பை நிறுத்தினாள், யாருக்கு முழங்கால் போயிற்று, ஒன்றும் தெரியாது. விசாரித்து விசாரித்து நிரப்பிக்கொண்டிருக்கிறேன். பாதிக் கட்டங்கள் இன்னும் காலி.

உன் நோட்டு புதுசு. முதல் பக்கத்திலிருந்தே எழுதி வா. என் பழைய பக்கங்களில் உங்கள் ஊர்ப்பக்கத்துப் பெயர்கள் நாலைந்து இருக்கின்றன. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா, சேர்ந்து போய் விசாரிப்போம்.

அன்புடன்,
உன் பழைய பி.டி. சார்