அமெரிக்கக் குடியேற்ற விசா: காத்திருக்கும் காலத்தில்

அமெரிக்கக் குடிமக்கள் உடன்பிறந்தாருக்காக அளிக்கும் ஐ-130 மனுவில், இந்தியர்களுக்கு விசா கிடைக்கப் பத்தாண்டுக்கும் மேலாகும். மனு பெறப்பட்ட நாளே முன்னுரிமைத் தேதி. அதன் முறை வந்துவிட்டதா என்பதை அமெரிக்க வெளியுறவுத் துறையின் மாதாந்திர விசா புல்லட்டினில் பார்த்தால் போதும். தினமும் தேடுவது வீண்.

பெரிய சிக்கல் பிள்ளைகளின் வயதுதான். 21 நிரம்பினாலோ திருமணமானாலோ பெற்றோருடன் செல்லும் தகுதி போய்விடும். ஆனால் 2002-ஆம் ஆண்டுச் சட்டப்படி, மனு பரிசீலனையில் கிடந்த காலம் வயதிலிருந்து கழிக்கப்படும். அதைக் கணக்கிட, மனு பெற்றதற்கும் ஏற்றதற்குமான கடிதங்கள் இரண்டும் தேவை. விசா முறை வந்த ஓராண்டுக்குள் விண்ணப்பிக்கவும் வேண்டும்.

முகவரி, மின்னஞ்சல் மாறினால் மனுவைக் கையாளும் அலுவலகத்துக்கு உடனே தெரிவிப்பது அவசியம். காவல்துறைச் சான்றிதழை முன்கூட்டியே வாங்கினால் காலாவதியாகிவிடும். விசா கைக்கு வரும்வரை வேலையை விடுவதும் வீட்டை விற்பதும் கூடாது.