பட்டப்படிப்புடன் தனிப்பயிற்சி: எல்லைக் கிராமங்களில் நிரலாக்கக் கல்வி

1956 நவம்பர் 1-ஆம் நாள் மாநிலங்கள் திருத்தியமைக்கப்பட்டபோது விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்துடன் இணைந்தது. அதனை அடுத்துள்ள நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. பாறசாலையை ஒட்டிய எல்லைக் கிராமங்களில் வீட்டில் தமிழும் வெளியில் மலையாளமுமாக வளரும் மாணவர்கள் இன்றும் உளர். இவர்கள் கல்லூரியில் கணிப்பொறி இயலை ஆங்கிலத்தில் பயில வேண்டியுள்ளது.

பல்கலைக்கழகப் பாடத்திட்டம் தரவுக் கட்டமைப்பு, இயக்க முறைமை முதலிய அடிப்படைகளை முறையாக அளிக்கிறது. இதற்கு ஈடாகத் தனிப்பயிற்சியைக் கருதுதல் தவறு. ஆயினும் நிரல் எழுதும் பழக்கம் ஆய்வக நேரத்தில் மட்டும் கைவந்துவிடாது. அந்நேரத்திலும் ஒரு பகுதி பதிவேட்டை எழுதி முடிப்பதிலேயே கழிந்துவிடுவதுண்டு. வகுப்பில் கற்றதை அதே வாரத்தில், தமக்குத் தெரிந்த ஒரு பொருளின்மீது தாமே செய்து பார்ப்பதே ஏற்ற வழியாகும்.

சான்றாக, ‘பாறசாலை’ என்னும் பெயரையே எடுத்துக்கொள்வோம். நம் கண்ணுக்கு அது நான்கு எழுத்து. பைத்தான் மொழியில் அதன் நீளத்தைக் கேட்டால் ஏழு என விடை வரும். கால் இரண்டும் ஐகாரக் குறியும் யூனிகோடு முறையில் தனித்தனிக் குறியீடுகளாக எண்ணப்படுவதே காரணம். சி மொழியிலோ, யூடிஎஃப்-8 முறையில் சேமித்த அதே சொல்லின் நீளம் 21 ஆகும். 1992-இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் வகுத்த அம்முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்டும், தமிழ், மலையாளக் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டுகளும் செலவாகின்றன. இனி, அச்சொல்லைப் பின்னிருந்து திருப்பி எழுதும் நிரலை மாணவர் இயற்றட்டும். குறியீடுகளை அப்படியே திருப்பினால் கால்கள் அயல் எழுத்துகளில் ஒட்டிக்கொள்ளும். ஐகாரக் குறி எழுத்தின்றித் தனியே நிற்கும். ‘லைசாறபா’ என்னும் சரியான விடையைப் பெற முயல்பவர், எழுத்து வேறு, குறியீடு வேறு, பைட்டு வேறு என்பதை மறக்கமாட்டார்.

அலுவலர்களுக்கும் இதில் செய்தி உண்டு. பெயருக்கு 20 பைட்டு இடம் ஒதுக்கிய பதிவேட்டில் இந்த நான்கெழுத்து ஊர்ப்பெயர் அடங்காது. இறுதிக் குறி சிதைந்துவிடும். குடும்ப அட்டையிலோ நிலப் பதிவிலோ இவ்வாறு பெயர் குறைந்தால், அலைய வேண்டியவர் குடிமகனே.

இப்பயிற்சிக்குப் பெரும் பொருட்செலவு இல்லை. ஜிஎன்யூ சி தொகுப்பான் 1987 முதல் கட்டற்ற மென்பொருளாகக் கிடைக்கிறது. 2001-இல் தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் திட்டத்தின் பயனாகக் கேரள அரசுப் பள்ளிகளில் பயின்றோர்க்கு லினக்சும் புதிதன்று. சென்னைக் கணிதவியல் கழகப் பேராசிரியர் மாதவன் முகுந்தின் பைத்தான் பாடங்கள் என்பிடெல் வாயிலாக இலவசமாகக் கிடைக்கின்றன. ஆங்கில உரையில் தடுமாறுவோர், மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியல் பாடங்களைத் தமிழிலும் மலையாளத்திலும் கேட்கலாம். பதிவிறக்கி வைத்துக்கொண்டால் பின்னர் இணைய இணைப்பும் தேவையில்லை. வீட்டில் கணிப்பொறி இல்லாதோர்க்கு, ஊர் நூலகத்தில் மாலையில் இரண்டு மணி நேரம் ஒரு கணிப்பொறி ஒதுக்கப்படுமாயின் தொடக்கத்திற்கு அதுவே போதும்.